பின்பக்கத்தில் இருந்த பெயர்

நோர்வேக்காரர் வீட்டுக்குப் போனால் என் கை சும்மா இருக்காது, துருதுருக்கும். வரவேற்பறைச் சுவரில் கறள் பிடித்த குதிரை லாடம் தொங்கும். கண்ணாடி அலுமாரிக்குள் வளைந்த கரண்டி, பச்சை பிடித்த பொத்தான், அரைவாசி உக்கிப்போன பூட்டு எல்லாம் மண்ணோடு மண்ணாய், நகைக்கடையில் வைத்தமாதிரி வெல்வெட் துணியில் கிடக்கும். எங்கள் ஊரில் பழைய இரும்புக்காரனே எடுக்க யோசிக்கிற சாமான்கள். ஒருமுறை, என் கணவரோடு வேலை செய்கிற ஆர்னேயின் வீட்டில், மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இதையெல்லாம் நான் துலக்கித் தரட்டுமா?" என்று கேட்டேன். ஆர்னேயின் முகம் வெளிறிப்போனது. பிறகு நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துப் பெரிதாகச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த மனிதர் ஏன் பயந்தார் என்று அன்றைக்கே கேட்டு அறிந்திருந்தால் இதை எழுத வேண்டிய நிலை எனக்கு வந்திருக்காது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. ஊத்தை என்று ஒன்றைக் கண்டால் அது போகும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. ஊரை விட்டு வரும்போது என் பெட்டிக்குள் சேலைகளை விடக் கனமாக இருந்தவை இரண்டு குத்துவிளக்கும் ஒரு பித்தளைச் செம்பும். எங்கள் சாமான் விற்கிற கடைகள் இருக்கிற குறொன்லாண்டில் புளி வாங்கப் போனால் கறிக்கு ஒரு பக்கற், விளக்குக்கு ஒரு பக்கற் என்று வாங்குகிறவள் நான். புளியையும் உப்பையும் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, இரும்புத் தும்பால் தேய்த்தால் பித்தளை பொன் மாதிரி வரும். வீட்டுக்கு வருகிற சனம் வாய் பிளந்து நிற்கும். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதில் ஒரு தலைக்கனம் இருந்தது.

இவர் என்றால் என் கணவர், பெயர் குணம். பேக்கரி ஒன்றில் விடியப்புறம் பாண் ஏற்றிக் கடை கடையாகக் கொடுக்கிற வேலை. வாய் காட்டாத மனிதர். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார், அதிலும் ஒன்று "ம்" என்று இருக்கும். இவருக்கு ஒரே தம்பி, யோகன். இவர் ஒஸ்லோவுக்கு வந்த முதல் குளிர்காலத்துச் சம்பளத்தில் தம்பிக்கு ஒரு தோல் பெல்ட் வாங்கி அனுப்பினார். நல்ல மொத்தமான பித்தளைப் பக்கிள் வைத்தது. யோகன் அப்போது யாழ்ப்பாணத்தில் நாலு பெடியளோடு ஓர் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். "இவங்கள் மாறி மாறிக் கட்டிக்கொண்டு போறாங்கள் அண்ணா, அதாலை பக்கிளுக்குப் பின்னாலை கொம்பாஸ் ஊசியாலை என்ரை பேரைக் கீறி வைச்சிருக்கிறன்" என்று கடிதம் எழுதினான். அந்தக் கடிதத்தை இவர் எனக்கு நூறு தரமாவது வாசித்துக் காட்டியிருப்பார்.

யாழ்ப்பாணம் திரும்பவும் இராணுவத்தின் கைக்குப் போன பிறகு, ஒருநாள் சுற்றிவளைப்பில் ஒரு சந்தியில் வைத்து யோகனை மறித்தார்கள். சைக்கிள் வீட்டுக்கு வந்தது. அவன் வரவில்லை. இவருடைய தாய், என் மாமி, ஏறி இறங்காத முகாம் இல்லை. மாமி கொடுத்த முறைப்பாட்டின் பிரதி எங்கள் அலுமாரியில் இருக்கிறது. வெள்ளைச் சேட்டு, கறுப்பு நீளக் காற்சட்டை, பித்தளைப் பக்கிள் வைத்த வெளிநாட்டு பெல்ட், பக்கிளின் பின்புறத்தில் பெயர் எழுதப்பட்டுள்ளது என்று அதில் இருக்கும். அந்தக் கடைசி வரியைத்தான் இவர் பிடித்துக்கொண்டார். சமாதானப் பேச்சு நடந்து பாதை திறந்த வருடங்களில் இவர் இரண்டு தரம் ஊருக்குப் போனார். எங்கேயாவது புதைகுழிக் கிடங்கு தோண்டினார்கள், எலும்பு கிடந்தது என்று கேள்விப்பட்டால் ஓடிப்போய் விசாரிப்பார். எலும்பைப் பற்றிக் கேட்கமாட்டார். "பக்கிள் ஏதும் கிடந்ததோ?" என்று மட்டும் கேட்பார். இல்லையென்றால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். இவருடைய கணக்கு நேரானது. பக்கிள் அகப்படாத வரைக்கும் தம்பி எங்கேயோ இருக்கிறான். அகப்பட்டால் அதில் பெயர் இருக்கும், ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். இரண்டில் ஒன்று. அந்த நம்பிக்கையில்தான் என் மனிதர் ஒவ்வொரு நாளும் எழும்பி வேலைக்குப் போனார்.

ஆர்னேக்கு ஒரு பொழுதுபோக்கு, மெட்டல் டிடெக்டரோடு வயல்களில் அலைவது. அறுவடை முடிந்து நிலம் உறையும் முன்பு, வயல்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போய், பழைய காசு, பொத்தான் என்று தேடுவார். ஓர் ஒக்டோபர் மாதம் இவரையும் வரச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த மெட்டல் டிடெக்டர் ஆமிக்காரன் கையில் இருப்பது. அது கத்தினால் அந்த இடத்தில் ஆரோ ஒருவருடைய கால் போகப்போகிறது என்று அர்த்தம். "விசரோப்பா உங்களுக்கு? கண்டறியாத வேலை!" என்று கத்தினேன். இவர் "ம்" என்றுவிட்டுப் போனார்.

முதல்நாள் போய்விட்டு வந்த பிறகு ஆர்னே எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இவர் அந்தப் பரந்த வயலில் ஆர்னேயின் காலடித் தடத்திலேயே தன் காலை வைத்து வைத்து நடந்தாராம். ஆர்னே வளைந்தால் வளைந்து, நின்றால் நின்று. "சப்பாத்தில் சேறு படும் என்று உன் கணவருக்கு அவ்வளவு கவலை" என்றார் ஆர்னே. நான் விளங்கப்படுத்தவில்லை. அவருடைய ஆட்கள் எங்கள் நாட்டில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதை அவர் சந்திக்கிற நேரமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். கண்ணிவெடி இருக்கிற காணியில் முன்னால் போனவனின் தடத்தில்தான் பின்னால் போகிறவன் கால் வைப்பான் என்பதை அந்த நல்ல மனிதருக்கு எந்த நோர்வேஜிய மொழியில் சொல்லுவது?

மூன்றாம் கிழமை இவருடைய கையில் அந்தச் சாமான் அகப்பட்டது. உள்ளங்கை அளவில் நீள்வட்டத் தகடு. ஒரே பச்சையும் கறுப்பும். முன்பக்கத்தில் ஓர் அரச முடி, அதற்குக் கீழே பின்னிப் பிணைந்த எழுத்து. பின்பக்கத்தில் இரண்டு கொழுக்கி, ஒரு கொழுக்கியில் தோல் துண்டு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆர்னே முன்பக்கத்தைப் படம் எடுத்து, பழைய இராணுவச் சாமான்களைப் படிப்பதிலேயே காலத்தைக் கழித்த ஒரு முதியவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அடுத்த நாளே பதில் வந்தது. முடியின் வடிவத்தையும் அந்த எழுத்தையும் வைத்து, டென்மார்க்கில் இருந்துகொண்டு நோர்வேயையும் ஆண்ட ஓர் அரசனின் காலத்தது, ஏறக்குறைய இருநூறு வருடப் பழசு என்று எழுதியிருந்தார். இடுப்பில் கட்டுவதல்ல, தோளிலிருந்து குறுக்காக வந்து வாளைத் தாங்குகிற பெல்ட்டின் நெஞ்சுத் தகடு. போட்டிருந்தவன் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வயல் உழுத கமக்காரன், சுவீடனோடு நடந்த சண்டைக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டவன்.

இது அளவும் எனக்குத் தெரியும். மிச்சம் எனக்குத் தெரியாமல் நடந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்த இவர், அந்தத் தகட்டை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருக்கிறார். பின்பக்கத்துப் பச்சைக்குள் மெல்லிய கீறல்கள். ஐந்தாறு எழுத்து. கையால் கீறியது. உடனே ஆர்னேக்குப் போன் அடித்திருக்கிறார். ஆர்னே அந்த முதியவருக்குச் சொல்ல, அவர் துள்ளிக் குதித்தாராம். அந்தப் பகுதியில் படைக்கு எடுத்த ஆட்களின் பெயர் இடாப்பு இன்னும் இருக்கிறது, பெயரைக் கண்டுபிடித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், எந்தக் கமம், தாய் தகப்பன் யார், திரும்பி வந்தானா இல்லையா, எல்லாம். சனிக்கிழமை கொண்டுவாருங்கள், பூதக்கண்ணாடியில் பார்ப்போம், அதுவரை துடைக்கக்கூட வேண்டாம் என்றிருக்கிறார். இவ்வளவையும் இவர் மனதுக்குள் வைத்துக்கொண்டார். எனக்குச் சொன்னது ஒரே ஒரு வசனம்.

"சனிக்கிழமை அந்தத் தகட்டை ஒரு பெரிய மனிசனிட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேணும்."

அந்தக் கிழமைதான் கார்த்திகை விளக்கீடு வந்தது. புதன்கிழமை எனக்கு லீவு. பத்திரிகைத் தாளை விரித்து, விளக்குகளையும் செம்பையும் இறக்கி, புளி கரைத்து வைத்துக்கொண்டு இருந்தேன். சலவை மெசினுக்கு மேல்தட்டில் ஒரு மாஜரீன் பெட்டிக்குள், கடதாசியில் சுற்றியபடி அந்தத் தகடு. பார்த்தேன். ஐயோ, இந்தக் கோலத்திலா ஒரு பெரிய மனிதருக்குக் கொண்டுபோய்க் காட்டுவது? தமிழாக்கள் வீட்டில் இருந்து வருகிற சாமான் இப்படியா இருக்கும் என்று நினைக்கமாட்டாரா? இவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, நாங்கள்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக, அன்போடுதான் நினைத்தேன். புளியைப் பூசி ஊறவைத்தேன். முன்பக்கம் சுகமாக வந்தது. பின்பக்கம் வராது என்று அடம்பிடித்தது. விடுவேனா? இரும்புத் தும்பை எடுத்துக்கொண்டு அரை மணித்தியாலம் மினக்கெட்டேன். அந்தத் தோல் துண்டைக் கத்தி நுனியால் கிண்டி எறிந்தேன். கழுவித் துடைத்து, இரண்டு விளக்குக்கும் நடுவில் சாத்தி வைத்தேன்.

பின்னேரம் இவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். நான் பூரித்துப்போய், ஆச்சரியத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன்.

"எப்பிடியிருக்கு?" என்று கேட்டேன்.

இவர் மெல்லப் போய்த் தகட்டை எடுத்தார். திருப்பினார். யன்னலடிக்குப் போய் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"பின்பக்கத்தையும் தேய்ச்சனீரோ?"

"ஓமப்பா, பின்பக்கம்தான் சரியான ஊத்தை. கை விட்டுப்போச்சு எனக்கு."

இவர் கதிரையில் இருந்தார். சேட்டின் நுனியால் அந்தத் தகட்டின் பின்பக்கத்தைத் துடைத்தார், ஏதோ அழுக்குப் போனால் எழுத்துத் தெரிந்துவிடும் என்பதுபோல. அது கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"இதிலை ஒரு பேர் இருந்தது."

"ஆரின்ரை பேர்?"

"தெரியாது. இனித் தெரியாது."

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு ஏனப்பா சொல்லேல்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொட்டிருப்பேனா என்று அவரிலேயே பாய்ந்தேன். அவர் ஏசியிருக்கலாம். தகட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். இருபது வருடத்துக்குக் கிட்ட ஒன்றாக வாழ்ந்த மனிதர், அன்றைக்கு எனக்கு ஒரு பேச்சாவது ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். செய்தவள் நான், முகம் கொடுக்க வேண்டியவளும் நான்தானே. அந்த முதியவர் தகட்டை விளக்குக்குக் கீழே வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு கண்ணாடியை மெல்லக் கீழே வைத்தார். "தே வார் சூன்" என்றார். பரிதாபம் என்று அர்த்தம். தேநீர் சிந்தினாலும் இந்த நாட்டில் அதைத்தான் சொல்லுவார்கள். இவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்த பித்தளையில், எழுத்து மேலே படிந்த பச்சையில்தான் இருந்திருக்கும், அது போனால் எழுத்தும் போகும் என்று எனக்குப் பக்குவமாக விளங்கப்படுத்தினார். என்ன இரசாயனம் பாவித்தீர்கள் என்று கேட்டார். புளி என்றேன். அவருக்குப் புரியவில்லை. "அது ஒரு பழம், நாங்கள் சாப்பிடுகிறது" என்றேன். "பழமா?" என்று கேட்டுவிட்டு, அதைத் தன் கொப்பியில் கவனமாக எழுதிக்கொண்டார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

எங்களைச் சும்மா அனுப்ப மனமில்லாமல், அந்தப் படை இடாப்பின் பிரதியை எடுத்துக் காட்டினார். அந்த ஊர்களில் இருந்து போனவர்களின் பெயர்கள் எல்லாம் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்தன. உங்கள் ஆள் இதற்குள் இருக்கிறான், எவன் என்றுதான் சொல்ல முடியாது என்றார். இவர் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி ஒரு சொல் எழுதியிருந்தது. என்ன என்று கேட்டார். காணாமல் போனவர் என்றார் முதியவர். இவர் அந்தச் சொல்லிலிருந்து விரலை எடுக்காமல், "அதை அவர்களின் தாய்மாருக்குச் சொன்னது யார்?" என்று கேட்டார். முதியவர் இது வரலாற்றுக் கேள்வி என்று நினைத்து, அந்தக் காலத்தில் தேவாலயத்துப் பாதிரியார் எப்படிச் செய்தி வாசிப்பார் என்று நீளமாகச் சொல்லத் தொடங்கினார். இவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தகடு சட்டப்படி வயல்காரருக்குச் சேரவேண்டியது என்பதால் அதை ஆர்னேயிடம் கொடுத்துவிட்டோம்.

திரும்பி வரும்போது இவர்தான் கார் ஓட்டினார். நான் பக்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தேன். லோறென்ஸ்கூக் சந்திச் சிவப்பு விளக்கில் நிற்கிற நேரம், முன்னாலே பார்த்தபடி சொன்னார்:

"யோகன்ரையையும் ஆரும் ஒரு மனிசி இப்பிடி எடுத்து மினுக்கியிருப்பா."

நான் திரும்பி இவரைப் பார்த்தேன்.

"கெட்ட எண்ணத்திலை இல்லை" என்றார். "காணி கொத்தேக்கை கிடந்திருக்கும். நல்ல பித்தளை எண்டு, கழுவித் தேய்ச்சு வைச்சிருப்பா. பாவம், அவவுக்கும் தெரிஞ்சிராது."

என்னை மன்னிக்கிறதற்காகத்தான் அதைச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. அதோடு சேர்த்து, இவ்வளவு காலம் கட்டிக் காத்த கணக்கு அவருக்குள் சரிந்துபோனதும் விளங்கியது. இரண்டில் ஒன்று என்று இருந்த மனிதருக்கு, மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தவள் நான். பக்கிள் அகப்படலாம், பெயர் இல்லாமல் போகலாம், எவருக்கும் எதுவும் தெரியாமலே முடியலாம். ஆமிக்காரன் எடுக்காத ஒன்றை, ஒரு பிடி புளியால் நான் எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இவர் ஆர்னேயோடு போகவில்லை. பனி கரைந்ததும் ஆர்னே வந்து கூப்பிட்டார், நேரமில்லை என்றார். அந்தத் தகடு வயல்காரரின் வீட்டுச் சுவரில் தொங்குவதாகவும், கறள் பிடித்த சாமான்களுக்கு நடுவில் அது மட்டும் தங்கம்போல இருப்பதாகவும் சொல்லி ஆர்னே என்னைப் பார்த்து நட்பாகச் சிரித்தார். ஊரில் எங்கேயோ கிடங்கு தோண்டியதாகச் செய்தி வந்தது. இவர் தொலைபேசியைத் தொடவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

ஆடி அமாவாசை வந்தது. ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குத் தர்ப்பணம் செய்யக் கீரிமலைக் கடற்கரை இருக்கிறது. எங்களுக்கு இங்கே கோயில் மண்டபத்தில் பிளாஸ்ரிக் தாம்பாளத்துக்கு முன்னால் வரிசையில் இருந்து எள்ளும் தண்ணீரும் இறைப்பதுதான். இவர் ஒவ்வொரு வருடமும் தகப்பனின் பெயர், பாட்டனின் பெயர், பூட்டனின் பெயர் சொல்லுவார். "வேறை ஆரும் இருக்கினமோ?" என்று ஐயர் கேட்பார். "இல்லை ஐயா" என்று இவர் சட்டென்று சொல்லுவார். அந்த "இல்லை"யைக் கேட்கத்தான் நான் பின்னால் வந்து நிற்பேன். அந்த வருடமும் நின்றேன்.

"வேறை ஆரும் இருக்கினமோ?"

இவர் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம் ஐயா" என்றார்.

"பேர்?"

"யோகேந்திரன்."

"என்ன முறை?"

"தம்பி."

"மோசம் போன திதி?"

"தெரியாது."

"அதுக்கென்ன, அமாவாசையிலை எல்லாம் அடங்கும்" என்று ஐயர் மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். எனக்கு ஓடிப்போய் இவருடைய வாயைப் பொத்த வேண்டும்போல இருந்தது. சொல்லாதேயுங்கோ, அவன் வருவான், ஆரும் கண்டுபிடிப்பினம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமிக்கு இதை இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் "தம்பியைப் பற்றி ஏதும் அறிஞ்சனியோ மேனை?" என்று கேட்பா. இவர் "இல்லையம்மா, பாப்பம்" என்று சொல்லுவார். பக்கத்தில் இருந்து நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பேன்.

இறைத்த தண்ணீரை ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் ஊற்றிக்கொண்டு ஃபியோர்ட் கடற்கரைக்குப் போனோம். நல்ல வெயில். ஒஸ்லோ முழுவதும் கடலில் குளித்துக்கொண்டிருந்தது. இவர் காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துக்கொண்டு இறங்கி, ஆட்கள் குறைந்த பக்கமாகப் பார்த்து, எள்ளையும் அரிசியையும் பூவையும் மெல்லச் சரித்துவிட்டார். பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு நோர்வேஜியப் பெண், அறுபது வயது இருக்கும், நின்று பார்த்தாள். "பறவைகளுக்கா?" என்று அன்பாகக் கேட்டாள்.

"என் தம்பிக்கு" என்றார் இவர்.

அவளுக்கு அது வடிவாக விளங்கவில்லை. தம்பியும் கூட வந்திருக்கிறான், கரையில் நிற்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். "எங்கே அவர்? இன்றைக்குத் தண்ணீர் நல்ல சூடு, பயப்படாமல் இறங்கச் சொல்லுங்கள்" என்று சிரித்தபடி, கரையைப் பார்த்துக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

இவர் சட்டென்று திரும்பினார். வெறும் பெட்டியைக் கையில் பிடித்தபடி, முழங்கால் தண்ணீரில் நின்று, கரையில் இருந்த அத்தனை முகங்களையும் ஒன்றொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.